ரவை நிரப்பும் பிரஸும் பிரைமர் பொருத்தும் முறையும்: ஒன்டாரியோவிலிருந்து வந்த கேள்விக்குக் கொழும்பிலிருந்து ஒரு பதில்

ஒன்டாரியோவில் வசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் உரிய அனுமதிப்பத்திரத்துடன் இரண்டு துப்பாக்கிகள் உள்ளன. ஒன்று .308 வின்செஸ்டர் ரவை பாவிக்கும் போல்ட் ரைபிள். மற்றது .357 மக்னம் லீவர் ரைபிள். அதில் செலவு குறையட்டும் என்று, அதே துப்பாக்கியில் சுடக்கூடிய .38 ஸ்பெஷல் ரவைகளையே பெரும்பாலும் சுடுகிறார். மாதத்துக்கு முன்னதில் ஏறத்தாழ 40, பின்னதில் 150 ரவைகள் முடிகின்றன. வீட்டின் நிலவறையில் ஒரு வாங்கு போட்டு ரவைகளைத் தாமே நிரப்ப விரும்பும் அவர், ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் புரொகிரசிவ் பிரஸ் ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா, பிரைமரைப் பிரஸிலேயே பொருத்துவதா அல்லது தனிக் கைக்கருவி வேண்டுமா, நண்பர் தர முன்வந்திருக்கும் ஒரு வாளி இராணுவக் கோதுகளை ஏற்றுக்கொள்ளலாமா என்று வினவியிருக்கிறார். டிசம்பரில் கொழும்புக்கு வரும்போது எனக்கு ஏதாவது கொண்டுவரட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருப்பவன். தொழிலால் இயந்திரப் பட்டறைக்காரன். ஒன்டாரியோவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு துப்பாக்கிக் கழகத்தில் உறுப்பினராக இருந்து, என் ரவைகளை நானே நிரப்பிச் சுட்டேன். கனடாவில் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் உள்ளவர் தமது சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்பலாம், ஆனால் விற்க முடியாது. இலங்கையில் நிலைமை முற்றிலும் வேறு. ஆகவே நான் எழுதுவதெல்லாம் அங்குள்ளவர்களுக்கானது. இங்கே யாரும் இதைப் பார்த்துக் கையை வைக்க வேண்டாம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பேச்சில் ரவை, தோட்டா, சன்னம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வரும். இங்கே ரவை என்பது சுடுவதற்குத் தயாரான முழுப் பொருள். அதன் பித்தளை உடல் கோது, அதிலிருந்து பறந்து செல்லும் உலோகம் சன்னம், உள்ளே எரிவது மருந்து, கோதின் அடிக் குழியில் உட்கார்ந்து அந்த மருந்துக்குத் தீ வைக்கும் சிறு கிண்ணம் பிரைமர். சுட்ட பிறகு சன்னமும் மருந்தும் போய்விடுகின்றன, பிரைமர் செத்துவிடுகிறது, கோது மட்டும் சற்றே ஊதிப் பெருத்து மிஞ்சுகிறது. அந்தக் கோதைப் பழைய அளவுக்குச் சுருக்கி, புதிய பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, புதிய சன்னத்தைச் செருகும் வேலைக்கே பிரஸ் தேவைப்படுகிறது.

தம்பி பிரஸ் பற்றி ஒரு கேள்வியும் பிரைமர் பற்றி இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். என் அனுபவத்தில் அவை ஒரே கேள்வி. அதை எனக்குக் கற்பித்த சம்பவத்தைச் சொல்கிறேன். கழக நண்பர் ஒருவரின் புரொகிரசிவ் பிரஸில் ஒரு சனிக்கிழமை .38 ஸ்பெஷல் நிரப்பிக்கொண்டிருந்தேன். லீவரை ஒருமுறை இழுத்தால் ஐந்து இடங்களில் ஐந்து வேலைகள் நடக்கும்; ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ரவை பெட்டிக்குள் விழும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்பதோ தொண்ணூறோ முடிந்த வேளையில் ஒரு பிரைமர் சரிந்து பக்கவாட்டில் மாட்டிக்கொண்டது. லீவர் பாதியில் நின்றுவிட்டது. கோதுகளைச் சுமந்து சுற்றும் தட்டைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, இரண்டு கோதுகளை வெளியே எடுத்து, சரிந்த பிரைமரைக் குச்சியால் நீக்கி, எல்லாவற்றையும் திரும்ப வைத்துத் தொடர்ந்தேன். அடுத்த வாரம் கழகத்தில் ஒரு ரவை வழக்கமான ஓசைக்குப் பதிலாக நனைந்த பட்டாசு போல 'புஸ்' என்றது. கை அடுத்த ரவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற மேற்பார்வையாளர் தோளில் தட்டி நிறுத்தினார். குழலுக்குள் பித்தளைக் கோல் ஒன்றை விட்டுப் பார்த்தால் சன்னம் பாதி வழியில் இறுகியிருந்தது. அந்தக் கோதுக்குள் மருந்தே விழவில்லை. பிரைமரின் சக்தி மட்டும் சன்னத்தைக் குழலுக்குள் தள்ளிவிட்டு நின்றுவிட்டது. அடுத்த ரவையைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கக்கூடும்.

அந்தப் பிழையைப் பலரும் மருந்துப் பிழை என்றே சொல்வார்கள். ஆனால் அது தொடங்கிய இடம் பிரைமர். பிரைமர் மாட்டியதால் வேலையின் ஓட்டம் அறுந்தது. ஓட்டம் அறுந்ததால் எந்தக் கோதில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்ற கணக்குத் தவறியது. புரொகிரசிவ் பிரஸ்களில் நடக்கும் தடங்கல்களில் பெரும் பங்கு பிரைமர் ஊட்டும் பகுதியில்தான் வருகிறது என்று அவற்றை நாளாந்தம் பாவிப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆகவே பிரைமரை எங்கே, எப்படிப் பொருத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், பிரஸ் எது என்பது பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும்.

பிரஸ் வகைகள் மூன்று. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸில் ஒரே நேரத்தில் ஒரு டைதான் (கோது உள்ளே போய் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வரும் அச்சு) இருக்கும். 50 கோதுகளையும் முதல் டையில் சுருக்கி முடித்து, டையை மாற்றி, அடுத்த வேலைக்குப் போக வேண்டும். டரட் பிரஸில் எல்லா டைகளும் ஒரு சுழலும் தலையில் பூட்டப்பட்டிருக்கும். கோது இருந்த இடத்தில் இருக்க, தலை சுழன்று வெவ்வேறு டைகளைக் கொண்டுவரும். புரொகிரசிவ்வில் டைகள் அசையாமல் நிற்க, கோதுகள் ஒரு தட்டில் சுற்றி வரும். டில்லனின் 550 போன்றவற்றில் அந்தத் தட்டைக் கையால் நகர்த்த வேண்டும். அதே நிறுவனத்தின் 750 தானாகவே நகர்த்திக்கொள்ளும். வேகக் கணக்கில், நிதானமாக வேலை செய்யும் ஒருவர் சிங்கிள் ஸ்டேஜில் மணிக்கு ஐம்பது ரவை அளவிலும், டரட்டில் அதன் இரு மடங்குக்குச் சற்று மேலும், புரொகிரசிவ்வில் நானூறு அளவிலும் முடிக்கலாம்.

இங்கேதான் தம்பியின் கணக்கைப் பார்க்க வேண்டும். மாதம் மொத்தம் 190 ரவைகள். சிங்கிள் ஸ்டேஜில் அது நான்கு மாலைகள். கனடாவின் குளிர்காலத்தில் நான்கு மாலைகளை நிலவறையில் கழிப்பது தண்டனையாகாது. வாரத்துக்கு ஐந்நூறு சுடும் போட்டியாளருக்காகச் செய்யப்பட்ட இயந்திரத்தை இந்த அளவுக்கு வாங்கினால், மாதத்தில் அரை மணி நேரம் ஓடிவிட்டு மிச்ச நாளெல்லாம் தூசி படிந்து நிற்கும். அதைவிட முக்கியமானது, மாதத்துக்கு அரை மணி நேரம் மட்டும் தொடும் இயந்திரத்தின் குணம் கைக்குப் படியவே படியாது. ஒவ்வொரு முறையும் புதியவராகவே தொடங்குவீர்கள். புதியவருக்குத்தான் ஓட்டம் அறுபடும்.

.38 ஸ்பெஷலைப் பொறுத்தவரை இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்த ரவை 1898ஆம் ஆண்டைச் சேர்ந்தது; கரும்புகை எழுப்பும் பழைய வெடிமருந்தைக் கொள்ளும் அளவுக்கு அதன் கோது செய்யப்பட்டது. இன்றைய புகையற்ற மருந்து அதே வேலையை மிகச் சிறிய அளவில் முடித்துவிடுவதால், சரியாக அளந்து போட்ட மருந்து கோதின் அடியில் மட்டும் கிடக்கும். மேலே இருக்கும் வெற்றிடத்தில் இரண்டாவது அளவும் தாராளமாக விழும். வழிந்து வெளியே கொட்டி எச்சரிக்கவும் மாட்டாது. .308 கோதில் பெரும்பாலும் மருந்து கழுத்து வரை வருவதால் அங்கே இரட்டை அளவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆக, தம்பி எந்த ரவைக்காக வேகம் வேண்டும் என்கிறாரோ, அந்த ரவைதான் வேகத்தை மன்னிக்காதது.

சிங்கிள் ஸ்டேஜ் முறையின் உண்மையான பலம் பிரஸில் அல்ல, வாங்கின் மேல் இருக்கும் ஐம்பது குழிப் பலகையில் இருக்கிறது. மருந்து போட்ட ஐம்பது கோதுகளும் வாய் திறந்து வரிசையாக நிற்கும்போது, மேசை விளக்கைச் சரித்துப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால், பொங்கல் பானையில் ஒரு கல் கிடப்பது போல அது கண்ணில் குத்தும். சந்தேகம் வந்தால் அந்த ஒன்றைக் கொட்டிவிட்டு மீண்டும் நிறுக்கலாம். நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு றாத்தலுக்கு 7000 கிரெய்ன், அதாவது ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு மருந்து என்பதை மருந்து தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நான் உட்பட யாருடைய வாய்ச் சொல்லிலிருந்தும் எடுக்கக் கூடாது.

எனவே என் பரிந்துரை, ஓ வடிவச் சட்டம் கொண்ட வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ். சீ வடிவச் சட்டம் முன்பக்கம் திறந்திருப்பதால் கை போக வசதியானது, ஆனால்.308 கோதை முழு நீளத்துக்குச் சுருக்கும்போது வரும் விசையில் அது நூலளவு விரியும். பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜ்களில் புஷ் அடிக்கும் பிரஸைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ராக் சக்கர், ரெடிங்கின் பிக் பாஸ், லீயின் கிளாசிக் காஸ்ட் ஆகிய மூன்றில் எது நல்ல விலைக்குக் கிடைத்தாலும் எடுக்கலாம். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த வார்ப்பிரும்பு தேய்வதற்குள் நாம் தேய்ந்துவிடுவோம். ஆர்சிபிஎஸ் என்ற பெயர் 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன் தொடங்கிய காலத்துக் கருவி ஒன்றின் முதலெழுத்துகள். டைகளின் மரை பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது: விட்டம் எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஆகவே ஒரு நிறுவனத்தின் பிரஸில் இன்னொரு நிறுவனத்தின் டை போகும். டில்லனின் ஸ்குயர் டீல் மட்டும் தனக்கென்று தனி டை கேட்பது. அது கைத்துப்பாக்கி வகை ரவைகளுக்கு மட்டுமே என்பதால் தம்பியின் .308க்குப் பயன்படாது. .38க்குக் கார்பைடு என்ற மிகக் கடினமான கலவையின் வளையம் பதித்த டை எடுத்தால் கோதுக்கு எண்ணெய் பூசும் வேலை மிச்சம். .308க்கு அந்தச் சலுகை இல்லை. பூசித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோது டைக்குள் இறுகிவிடும்.

பிரஸ் வாங்கும்போது பலர் கேட்க மறக்கும் ஒரு விடயம், கழற்றிய பழைய பிரைமர் எங்கே போகிறது என்பது. சில பிரஸ்களில் அது, கோதை மேலே ஏற்றும் தண்டின் நடுத் துளை வழியாகக் குழாயில் இறங்கிப் போத்தலுக்குள் விழும். சிலவற்றில் முன்பக்கத் தட்டில் விழுந்து, பாதி தரையில் சிதறும். செத்த பிரைமருடன் வரும் கரியில் ஈயம் இருக்கிறது, ஏனெனில் இன்றைய பிரைமர்கள் பெரும்பாலானவற்றின் வெடிகலவை ஈய ஸ்டிப்னேட்டை அடிப்படையாகக் கொண்டது. தம்பியின் வீட்டில் தவழும் குழந்தை இருப்பதாக எழுதியிருப்பதால், குழாய் வழியாக இறங்கும் பிரஸையே எடுக்கச் சொல்வேன். நிலவறையில் கம்பளம் விரித்திருந்தால் வாங்கு நிற்கும் பகுதியிலாவது அதை அகற்றிவிடுங்கள். வேலை செய்யும்போது தேநீர்க் கோப்பை வாங்கின் மேல் வரக் கூடாது. முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

டரட் பிரஸைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். .38 மட்டும்தான் என்றால் நான் டரட்டையே சொல்லியிருப்பேன். ஒரு கோது எல்லா வேலையும் முடிந்து ரவையாகி வெளியேறிய பிறகே அடுத்த கோது உள்ளே வரும் என்பதால், கணக்குத் தவறும் வாய்ப்பு புரொகிரசிவ்வை விடக் குறைவு. ஆனால் இழுப்பில் தலை சற்றே மேலெழும் பழக்கம் சில டரட்களுக்கு உண்டு. நீளம் துல்லியமாக இருக்க வேண்டிய.308க்கு அது எனக்குப் பிடிக்காது. ஒரு வருடம் கழித்து .38 மாதம் முந்நூறாகப் பெருகினால், அப்போது பக்கத்தில் ஒரு டரட் போட்டுக்கொள்ளலாம். சிங்கிள் ஸ்டேஜ் அப்போதும் வீணாகாது.

இனிப் பிரைமர். பெரிய ரைபிள் பிரைமரின் விட்டம் 5.33 மில்லிமீற்றர், சிறியவற்றின் விட்டம் 4.45 மில்லிமீற்றர். அந்தக் கிண்ணத்துக்குள் வெடிகலவை ஒரு மெல்லிய படலமாக இருக்க, அதன் மேல் மூன்று கால்களோ இரண்டு கால்களோ கொண்ட ஒரு சிறு பட்டடை உட்கார்ந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தை அடிக்கும்போது கலவை பட்டடைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நசுங்கித் தீப்பற்றுகிறது. இது நடக்க வேண்டுமானால் பட்டடையின் கால்கள் குழியின் தரையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். பிரைமர் முழுதாக இறங்காமல் நின்றால், ஊசியின் அடி அதைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். முதல் அடியில் சுடாது, இரண்டாம் அடியில் சுடும். 'முதல் தரம் ஏமாற்றி இரண்டாம் தரம் வெடித்தது, பிரைமர் கூடாது' என்று புலம்புபவர்களில் பெரும்பாலானோர் பிரைமரைச் சரியாக இறக்காதவர்களே. சரியாக இறங்கிய பிரைமர் கோதின் அடிப்பரப்பை விட 0.003 முதல் 0.005 அங்குலம், அதாவது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவு தாழ்ந்திருக்கும்.

தம்பியின் லீவர் ரைபிளுக்கு இது வெறும் ஏமாற்றத்தோடு போகிற விடயமல்ல. அதன் ரவைகள் குழலின் கீழுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பின்னால் உள்ள ரவையின் சன்ன முனை முன்னால் உள்ள ரவையின் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். பிரைமர் மேலெழுந்து நின்று, சன்னமும் கூர்முனையாக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடிக்க இடமுண்டு. தட்டை முனைச் சன்னம் மட்டுமே போடுங்கள். பிரைமர் பொருத்திய ஒவ்வொரு கோதின் அடியிலும் சுட்டுவிரலைத் தடவிப் பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தினால், பிரைமர் மேலெழுந்த கோது கால் குட்டையான முக்காலி போல ஆடும்.

பொருத்தும் வழிகள் சில. பெரும்பாலான சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்களோடு ஒரு சிறு கை வரும். அதில் பிரைமரை ஒவ்வொன்றாக வைத்து, லீவரை மறுபக்கம் தள்ளிப் பொருத்தலாம். தனிச் செலவில்லை. ஆனால் கோதைச் சுருக்குவதற்காகச் செய்யப்பட்ட நீண்ட லீவர் அது. பிரைமர் இறங்கும் விசை அதற்கு ஒரு பொருட்டேயல்ல. பிரைமர் தரையைத் தொட்டதா, தொட்ட பிறகு நசுங்குகிறதா என்பது கைக்கு எட்டாது. பிரஸின் மேற்பக்கத்தில் டை போலத் திருகும் ராம் பிரைம் வகைக் கருவி இதைவிடச் சற்று நன்றாக உணர்த்தும். வாங்கில் பூட்டும் தனிக் கருவிகளும் உண்டு. என்னைப் போல் பெருவிரல் மூட்டில் வலி வந்தவர்களுக்கு அவை அருமருந்து, மற்றவர்களுக்கு அவசியமில்லை. புரொகிரசிவ்வின் தானியங்கிக் குழாயைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

1958இல் ரிச்சர்ட் லீ விற்பனைக்குக் கொண்டுவந்த லீ லோடர் என்ற சிறு பெட்டியில் எல்லாமே சுத்தியலால் நடக்கும், பிரைமர் பொருத்துவது உட்பட. எப்போதாவது ஒன்று 'டப்' என்று வெடித்து நெஞ்சைப் பதறவைக்கும். நான் தொடங்கியது அதில்தான். கற்றுக்கொள்ள நல்லது, தொடர்வதற்கல்ல.

தம்பிக்கு நான் சொல்வது கைக்கருவி. ஒரு சிறு தட்டில் பிரைமர்களைக் கொட்டி மெல்ல ஆட்டினால், தட்டின் வரிகளில் அவை ஒவ்வொன்றாகப் புரண்டு முகம் நிமிர்ந்து நிற்கும். மூடியைப் போட்டு, கோதைப் பிடியில் செருகி, கைப்பிடியை அமுக்க வேண்டும். முதலில் வெறும் அசைவு. பிறகு கிண்ணத்தின் விளிம்பு குழியின் வாயில் நுழையும்போது ஒரு சிறு தடை. அதன் பின் ஒரே சீரான வழுக்கல். கடைசியில் கால்கள் தரையில் ஊன்றும்போது ஒரு திட்டமான நிறுத்தம். அதற்கு மேல் மயிரிழை அமுக்கினால் போதும். இருபது கோதுகள் முடிந்ததும் இந்த வரிசை கைக்குப் பாடமாகிவிடும். அதன் பிறகு எது வித்தியாசமோ அது உடனே தெரியும். நடுவில் தடையே இல்லாமல் பிரைமர் வழுக்கி விழுந்தால் அந்தக் கோதின் குழி விரிந்துவிட்டது. பலமுறை சுட்டதாலோ அழுத்தம் அதிகமான ரவையாலோ அப்படி ஆகும். அதை இடுக்கியால் நெரித்துக் குப்பையில் போடுங்கள், திரும்ப வாளிக்குள் போகக் கூடாது. நுழையும்போதே முரண்டு பிடித்தால் நிறுத்துங்கள். குழியில் கரி இருக்கலாம், பிரைமர் சரிந்திருக்கலாம், அல்லது அது இராணுவக் கோதாக இருக்கலாம். தொலைக்காட்சிச் செய்தி கேட்டுக்கொண்டே நூறு கோதுகளுக்குப் பிரைமர் வைக்கிறவர்களை அறிவேன். எனக்கு அதில் உடன்பாடில்லை, காது வேறு இடத்தில் இருந்தால் விரலும் அங்கேதான் இருக்கும்.

அந்த இராணுவ வாளிக்கு வருவோம். .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. அதன் இராணுவ உறவினரான 7.62×51 நேட்டோ 1954இல். வெளியளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இராணுவக் கோதின் சுவர் பொதுவாகத் தடித்தது, ஆகவே உள்ளிடம் குறைவு. அதே மருந்து அதில் அதிக அழுத்தம் தரும். இரண்டையும் கலந்து நிரப்பக் கூடாது. அடுத்ததாக, ஒரு கைவிளக்கை எடுத்துக் கோதின் வாய் வழியாக உள்ளே பாருங்கள். பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் துளை அடியில் நடுவே ஒன்றே இருந்தால் அது பாக்ஸர் வகை. இரு பக்கமும் இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. பாக்ஸர் ஆங்கிலேயர், வூலிச் ஆயுத நிலையத்து அதிகாரி, பெர்டான் அமெரிக்கர். இருவரும் 1860களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தத்தம் முறைகளைக் கொண்டுவந்தனர். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. பெர்டான் கோதில், பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும் டையின் ஊசி இறங்க நடுத்துளை இல்லை. அழுத்தினால் ஊசி உடையும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

பாக்ஸர் வகை இராணுவக் கோதாக இருந்தாலும், இயந்திரத் துப்பாக்கியில் பிரைமர் கழன்று விழாதிருக்கக் குழியின் விளிம்பை உள்நோக்கி நசுக்கியிருப்பார்கள். பழைய பிரைமர் எப்படியோ வெளியே வந்துவிடும், புதியது உள்ளே போகாது; அங்கே பலவந்தம் செய்தால் பிரைமர் மடிந்து நசுங்கும், வெடிக்கவும் கூடும். அந்த விளிம்பைச் சீவியோ விரித்தோ ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு தொந்தரவில்லை. வாளி இலவசம்தான், உழைப்பு இலவசமில்லை. இரு வருடம் அனுபவம் வந்த பிறகு அந்த வாளியைத் திறக்கலாம். இப்போதைக்கு நீங்களே கடையில் வாங்கிச் சுட்ட .308 கோதுகளைச் சேர்த்து வையுங்கள். அவற்றின் வரலாறு உங்களுக்குத் தெரியும்.

பிரைமர் வகைகளை மாற்றிப் பாவிப்பது பற்றிச் சுருக்கமாக. .38க்குச் சிறிய பிஸ்டல் பிரைமர், .308க்குப் பொதுவாகப் பெரிய ரைபிள் பிரைமர். சிறிய ரைபிளும் சிறிய பிஸ்டலும் அளவில் ஒன்றேயானாலும் கிண்ணத்தின் தடிப்பும் கலவையின் அளவும் வேறு. பெரிய ரைபிள் பிரைமர் பெரிய பிஸ்டல் பிரைமரை விட உயரமானது. அட்டவணை எதைச் சொல்கிறதோ அதையே வாங்க வேண்டும். கடையில் தீர்ந்துவிட்டது என்று பக்கத்துப் பெட்டியை எடுக்கக் கூடாது. போட்டியாளர்களுக்கான சில .308 கோதுகள் சிறிய ரைபிள் பிரைமர்க் குழியோடு வருவதுண்டு. அவற்றின் துளை 1.5 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் வழக்கமான டை ஊசி அதில் மாட்டிக்கொள்ளும். கழகத்தில் நிலத்தில் கிடப்பதைப் பொறுக்கும் பழக்கம் வந்தால் இதை நினைவில் வைத்திருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிரைமரை அது வந்த பெட்டியில்தான் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியின் இடைவெளிகள் ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றாதிருப்பதற்காகவே. நூறு பிரைமர்களை ஜாம் போத்தலில் கொட்டி வைத்தால் அது வெடிகுண்டுக்குச் சமம். புரொகிரசிவ் பிரஸின் பிரைமர்க் குழாயைச் சுற்றி டில்லன் ஓர் உருக்குக் கவசம் வைத்திருப்பதற்கும் காரணம் இதே தொடர் வெடிப்புத்தான். கண்ணாடி அணியாமல் வாங்குக்குப் போக வேண்டாம். தவறாகப் பொருத்திய உயிருள்ள பிரைமரை எடுக்க நேர்ந்தால், கோதில் மருந்து இல்லை என்று உறுதி செய்து, கண்ணாடியோடு, டையில் மெல்ல மெல்லத் தள்ளுங்கள், தட்டாதீர்கள். மருந்துத் தகரம் எப்போதும் வாங்கின் மேல் ஒன்றுதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவுகருவியில் மிஞ்சியதை அதே தகரத்தில் கொட்டி மூட வேண்டும். 'நாளைக்குத்தானே' என்று விட்டால், அடுத்த வாரம் அதில் இருப்பது எந்த மருந்து என்று நீங்களே தடுமாறுவீர்கள்.

வாங்கைச் சுவரோடு சேர்த்து மரையாணியால் இறுக்குங்கள். .308 கோதைச் சுருக்கும்போது வாங்கு நகர்ந்தால், இழுப்பின் உணர்வு முழுவதும் பாழ். நான் முதலில் செய்தது ஒரு பழைய சாப்பாட்டு மேசையில் பூட்டியது. இரண்டாவது மாலையே மேசையின் கால் பிளந்தது. லீவரை முழுதாகக் கீழே இழுத்த நிலையில் கை இடுப்பளவில் இருப்பது நல்ல உயரம். முதல் முறை மருந்தும் பிரைமரும் இல்லாமல், பத்து வெற்றுக் கோதுகளைச் சுருக்கிப் பழகுங்கள். இரண்டாவது மாலையில் பத்துக்கு மட்டும் பிரைமர் வைத்து, ஒவ்வொன்றையும் கண்ணாடியில் நிறுத்திப் பாருங்கள். மருந்து மூன்றாவது மாலைக்கு.

டிசம்பர் பயணத்தைப் பற்றி. எனக்கு எதுவும் கொண்டுவர வேண்டாம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. அனுமதியின்றி பிரைமரோ மருந்தோ வைத்திருப்பது இங்கே பொழுதுபோக்கல்ல, வழக்கு. நம் நாட்டுக்கு 1994இல் விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் தங்கம் வென்றது காற்றுத் துப்பாக்கியில். அதற்குப் பிரைமரும் வேண்டாம், பிரஸும் வேண்டாம். என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு வேர்னியர் கலிப்பர் மட்டுமே. அதிலும் பேத்தியின் பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு அட்டை அளக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறொன்று. கழகத்துக்குக் கொண்டுபோகும் பையைப் பயணப் பையாகப் பாவிக்காதீர்கள். பக்கப் பையின் தையலுக்குள் ஒரே ஒரு .38 கோது ஒளிந்திருந்தாலும் ரொறன்ரோவிலோ கட்டுநாயக்காவிலோ எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும், மிச்ச நாளை விசாரணை அறையில் கழிப்பீர்கள். குளிர் அங்கியின் பைகளையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அங்கிருந்துதான் விழுந்தது, நல்லவேளையாக வீட்டுக் கட்டிலின் மேல்.